தங்கம் ரிஃபைனிங்: டெஸ்டிங் சொல்யூஷன் கலக்குறது, பத்திரப்படுத்துறது, கழிக்கிறது பத்தி அடிக்கடி வர்ற கேள்விகள்

ஸ்க்ராப்ல இருந்து சின்ன அளவுல தங்கம் பிரிக்கிறவங்க எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே டவுட்டத்தான் கேக்குறாங்க, அதுவும் முக்கால்வாசி டவுட் பெரிய பீக்கர்ல இருக்கிற ஆசிட் பத்தி இல்ல, பக்கத்துல இருக்கிற குட்டி டெஸ்டிங் பாட்டில் பத்தி. அதனால வந்த கேள்விய வந்த மாதிரியே போட்டு பதில் எழுதியிருக்கேன். ரிஃபைனிங் எப்படி பண்றதுன்னு இங்க சொல்லல, டெஸ்ட் பண்ற கரைசல்கள் மட்டும்தான். ஒண்ணு மட்டும் முன்னாடியே சொல்லிடறேன்: கெட்டுப்போன டெஸ்டிங் சொல்யூஷன் "தங்கம் இல்ல"ன்னு பொய் சொல்லும், அத நம்பி நீங்க தங்கத்தையே கீழ ஊத்திடுவீங்க. ஆரம்பத்துல இருந்து வரிசையா படிங்க, பின்னாடி வர்ற பதில்கள் முன்னாடி சொன்னத நம்பித்தான் இருக்கு.

நான் புதுசு. என்னென்ன டெஸ்டிங் சொல்யூஷன் வாங்கி வெக்கணும்? லிஸ்ட் பாத்தாலே தலை சுத்துது

எல்லாம் வேணாம். கரைசல்ல தங்கம் இருக்கா இல்லையான்னு பாக்க ஸ்டானஸ் குளோரைடு, அது கண்டிப்பா வேணும். அது சொல்றத சரிபாக்க அன்னபேதி, அதாவது ஃபெரஸ் சல்ஃபேட், கொஞ்சம். வெள்ளி இருக்கான்னு பாக்க தனியா ஒண்ணும் வாங்க வேணாம், அயோடின் சேர்க்காத உப்பு கரைச்ச தண்ணியோ ரெண்டு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிடோ போதும்.

பல்லேடியம் வர்ற மாதிரி ஸ்க்ராப் எடுத்தா டிஎம்ஜி, அதாவது டைமெத்தில்கிளையாக்ஸைம்ங்கிற பவுடர், தேவைப்படும். நகை மாதிரி திடமான உலோகத்த பாக்கணும்னா உரைகல்லும் கேரட் வாரியான டெஸ்டிங் ஆசிடும். இதுக்கு மேல என்ன வாங்கினாலும் பத்திரப்படுத்த வேண்டிய இன்னொரு ஆபத்தான பாட்டில்னுதான் அர்த்தம். இருக்கிறது கம்மியா இருந்தா பராமரிக்கிறதும் ஒழுங்கா நடக்கும்.

ஸ்டானஸ் ஊத்தினா ஊதா வரும்னு சொன்னாங்க, எனக்கு கறுப்பா வந்துச்சு. அது தங்கமா இல்லையா?

தங்கம்தான், அதுவும் நிறைய இருக்குன்னு அர்த்தம். ஸ்டானஸ் குளோரைடுல இருக்கிற வெள்ளீயம் கரைஞ்ச தங்கத்துக்கு எலக்ட்ரான் குடுத்து உலோகமா மாத்திடும், ஆனா ரொம்ப ரொம்ப பொடிசான துகளா, அந்த துகள் வெள்ளீய ஆக்சைடு மேல ஒட்டிக்கிட்டு ஊதாவா தெரியும். 17-ம் நூற்றாண்டுல இருந்த ஆண்ட்ரியாஸ் காசியஸ்ங்கிற ஜெர்மன் டாக்டர் பேர்ல இதுக்கு காசியஸ் ஊதான்னு பேரு, கண்ணாடிக்கும் எனாமலுக்கும் சிவப்பு நிறம் ஏத்த இதத்தான் பயன்படுத்தினாங்க. தங்கம் கம்மியா இருந்தா ஊதா, ஜாஸ்தியா இருந்தா கறுப்பு. டவுட்டா இருந்தா அந்த ஒரு சொட்ட பத்து மடங்கு தண்ணில கலந்து மறுபடி பாருங்க, ஊதா தெரிய ஆரம்பிக்கும்.

பிளாட்டினம் இருந்தா ஆரஞ்சுல இருந்து அடர் பழுப்பு வரைக்கும் போகும். பல்லேடியம் மஞ்சள், பழுப்புன்னு ஆரம்பிச்சு பச்சை நீலம் பக்கம் போகும். மூணும் சேந்து இருந்தா தங்கத்தோட கறுப்பு மத்தத மறைச்சிடும், அப்ப ஃபில்டர் பேப்பர்ல விட்டு ஓரத்துல பரவுற வளையத்த பாருங்க, நடுவுல தெரியாதது ஓரத்துல தெரியும்.

முக்கியமான விஷயம், பீக்கர்ல நேரடியா ஸ்டானஸ் ஊத்தாதீங்க. கண்ணாடிக் குச்சியால ஒரு சொட்டு வெளிய எடுத்து ஸ்பாட் பிளேட்லயோ (சின்னச் சின்னக் குழி இருக்கிற தட்டு) பேப்பர்லயோ காட்டன் பட்ஸ்லயோதான் பாக்கணும். பீக்கர்ல விழுந்த ஸ்டானஸ் உண்டாக்குற ஊதாத் துகள் ஃபில்டர் பேப்பர்ல நிக்கவே நிக்காது, அப்படியே கீழ இறங்கி போயிடும்.

ஸ்டானஸ் ரெடிமேடா வாங்கணுமா, நாமளே கலந்துக்கலாமா?

நீங்களே கலக்குறதுதான் நல்லது, ஏன்னா எப்ப கலந்ததுன்னு உங்களுக்கு தெரியும். ஸ்டானஸ் குளோரைடு கிரிஸ்டல் ஒரு கிராம் எடுத்து, மொதல்ல 3 மி.லி. அடர் ஹைட்ரோகுளோரிக் ஆசிட்ல, அதாவது 32% இல்லன்னா அதுக்கு கொஞ்சம் மேல இருக்கிறதுல, முழுசா கரைச்சிடுங்க. தெளிவா ஆனப்புறம் அத கொஞ்சம் கொஞ்சமா 27 மி.லி. டிஸ்டில்டு வாட்டர்ல ஊத்துங்க. ஆசிட்டத்தான் தண்ணில ஊத்தணும், தண்ணிய ஆசிட்ல ஊத்தக்கூடாது. கிரிஸ்டல வெறும் தண்ணில போட்டா உடனே வெள்ளையா கலங்கிடும், அதுக்குத்தான் ஆசிட் முதல்ல.

கடைசியா சுத்தமான வெள்ளீயத் துண்டு ஒண்ணு, அரிசி அளவு இருந்தா போதும், பாட்டில்ல போட்டு வெச்சிடுங்க. காத்துல இருக்கிற ஆக்சிஜன் ஸ்டானஸ ஸ்டானிக்கா மாத்தி செயலிழக்க வெக்கும், பாட்டில்ல கிடக்கிற வெள்ளீயம் அந்த ஸ்டானிக்க திரும்ப ஸ்டானஸா மாத்திடும். ஈயம் கலந்த சால்டர் வேணாம். வெள்ளீயம் ஆசிட்ல மெதுவா கரையும்போது கொஞ்சம் ஹைட்ரஜன் வரும், அதனால வாரத்துக்கு ஒரு தடவ மூடிய லேசா திருகி விட்டு மறுபடி மூடுங்க. 30 மி.லி.க்கு மேல கலக்காதீங்க, ஒரு டெஸ்டுக்கு ஒரு சொட்டுதான் செலவாகும், நிறைய கலந்தா பாதி கெட்டுத்தான் போகும்.

ப்ரோ ரெண்டு வாரத்துலயே பால் மாதிரி ஆயிடுச்சு, அத யூஸ் பண்ணலாமா தூக்கி போடணுமா?

கலங்குறதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு ஆசிட் பத்தல, அப்ப நாலஞ்சு சொட்டு ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு ஆட்டினா பெரும்பாலும் தெளிஞ்சிடும். இன்னொண்ணு ஆக்சிஜன் பட்டு ஸ்டானிக் ஆகி வீணாப் போனது, அது ஆசிட் விட்டாலும் முழுசா தெளியாது. ஆனா பாக்கும்போது தெளிவா இருக்கிற பாட்டிலும் செத்துப்போயிருக்கலாம், அதனால கண்ணால பாத்து முடிவு பண்ணாதீங்க. அடுத்த பதில்ல சொல்ற மாதிரி டெஸ்ட் பண்ணித்தான் முடிவு பண்ணணும்.

அப்ப ஸ்டானஸ் உயிரோட இருக்கான்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?

தங்கம் இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச ஒரு கரைசல கைவசம் வெச்சிருக்கணும். 0.1 கிராம் சுத்தத் தங்கத்த ராஜதிராவகத்துல, அதாவது நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் கலந்த ஆசிட்ல, கரைச்சு, மெதுவா சூடு காட்டி நைட்ரிக்க முழுசா ஓட்டிட்டு, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக் சேத்து, டிஸ்டில்டு வாட்டர் விட்டு 100 மி.லி. ஆக்குங்க. இப்ப லிட்டருக்கு 1 கிராம், அதாவது 1000 பிபிஎம். இதுல ஒரு மி.லி. எடுத்து 100 மி.லி. ஆக்கினா 10 பிபிஎம். ரெண்டையும் ரெண்டு பழுப்பு நிற பாட்டில்ல வெச்சுக்கோங்க.

ஒவ்வொரு தடவையும் டெஸ்ட் பண்றதுக்கு முன்னாடி இந்த ரெண்டுல இருந்தும் ஒரு சொட்டு வெளிய எடுத்து ஸ்டானஸ் விட்டு பாருங்க. 1000ல கறுப்பு, 10ல வெளிர் ஊதா வந்தா ஸ்டானஸ் நல்லா இருக்கு. 1000ல மட்டும் வந்து 10ல வரலன்னா பலம் குறைஞ்சிருச்சு, புதுசா கலக்குங்க. ஒரு நிமிஷ வேலைதான், இத சோம்பேறித்தனமா விடுறவங்கதான் பிற்பாடு "எவ்ளோ ஸ்க்ராப் போட்டேன், ஒண்ணுமே வரலயே"ன்னு கேக்குறாங்க. மனசு கஷ்டமா இருக்கும் அதக் கேக்கும்போது, ஏன்னா தங்கம் இருந்துச்சு, ஊத்திட்டாங்க.

கண்ணாடி பாட்டிலா பிளாஸ்டிக்கா? டிராப்பர் பாட்டில் போதுமா?

கண்ணாடி, அதுவும் பழுப்பு நிறம், மூடியோட உள்பக்கம் டெஃப்லான் லைனிங் இருந்தா எல்லாத்துக்கும் ஒத்து வரும். ஹைட்ரோகுளோரிக்குக்கும் ஸ்டானஸுக்கும் ஹெச்டிபிஇ பிளாஸ்டிக்கும் ஓகே, ஆனா பிளாஸ்டிக் வழியா ஆக்சிஜன் மெதுவா உள்ள போகும், அதனால ஸ்டானஸ் கண்ணாடில கூடுதல் நாள் நிக்கும். உலோக மூடி எதுக்குமே வேணாம்.

டிராப்பர் பாட்டில் பாக்க வசதியா இருக்கு, ஆனா நைட்ரிக் இருக்கிற எதுக்கும் ரப்பர் பல்ப் டிராப்பர போட்டு மூடி வெக்காதீங்க. ஆவி பட்டு ரப்பர் மொதல்ல கெட்டியாகும், அப்புறம் பிசுபிசுன்னு ஆகி உள்ளயே உதிரும், அந்த அழுக்கு விழுந்து சொல்யூஷனும் கெடும், அழுத்தும்போது வெடிச்சு கைல கொட்டவும் செய்யும். சாதா மூடி போட்டு வெச்சுட்டு, எடுக்கும்போது கண்ணாடிக் குச்சியோ தூக்கிப்போடுற பிளாஸ்டிக் பிப்பெட்டோ பயன்படுத்துங்க. ஒரு பாட்டிலுக்கு ஒரு பிப்பெட், மாத்தி விடக்கூடாது. தங்கக் கரைசல்ல விட்ட பிப்பெட்ட ஸ்டானஸ்ல விட்டா பாட்டிலே ஊதாவாயிடும், நைட்ரிக்ல விட்டத ஸ்டானஸ்ல விட்டா சத்தமில்லாம ஸ்டானஸ் செத்துடும்.

சாப்பாடு, ஜூஸ், கண் மருந்து இருந்த காலி பாட்டில்ல எதையும் ஊத்தாதீங்க. ஒரு நாளைக்கு மட்டும்னு வெச்சாலும் வீட்டுல இருக்கிறவங்களுக்கு அது தெரியாது.

ஃப்ரிட்ஜ்ல வெச்சா நாள் வரும்னு சொல்றாங்களே?

சாப்பாடு வெக்கிற ஃப்ரிட்ஜ்ல எந்த காரணத்துக்காகவும் கூடாது. ஹைட்ரோகுளோரிக் ஆவி மூடின பாட்டில்ல இருந்தும் கொஞ்சம் கசியும், ஃப்ரிட்ஜ் உள்ள இருக்கிற உலோகமெல்லாம் அரிச்சிடும், சாப்பாட்டுலயும் படியும். வெயில் படாத, சூடேறாத, காத்தோட்டமான இடம் போதும். வீட்டுக்கு வெளிய பூட்டு போட்ட பிளாஸ்டிக் பெட்டி ரொம்ப நல்லது. டூல்ஸ், எலக்ட்ரானிக்ஸ், தராசு இருக்கிற ரூம்ல வெச்சா சில மாசத்துலயே எல்லாம் துருப்பிடிச்சு நிக்கும். உயரமான ஷெல்ஃப் வேணாம், கண் மட்டத்துக்கு கீழயே இருக்கட்டும், எடுக்கும்போது நழுவினா முகத்துல கொட்டக்கூடாது.

எல்லா பாட்டிலையும் ஒரே டப்பால வெச்சிருக்கேன், அதுல என்ன பிரச்சனை?

பெரிய பிரச்சனை. எது எது கூட சேரக்கூடாதுன்னு பாருங்க. நைட்ரிக்கும் ஹைட்ரோகுளோரிக்கும் தனித்தனி ட்ரேல இருக்கணும், ரெண்டும் கசிஞ்சு ஒண்ணா சேந்தா அதுவே ராஜதிராவகம், குளோரின் வாயு கிளம்பும். நைட்ரிக் பக்கத்துல டிஎம்ஜி கூடவே கூடாது, ஏன்னா டிஎம்ஜி ஆல்கஹால்ல கரைச்சது, நைட்ரிக்கும் ஆல்கஹாலும் சேந்தா பயங்கரமா கொதிச்சு தீப்பிடிக்கலாம், வெடிக்கலாம்.

அம்மோனியாவ ஆசிட் பக்கத்துல வெச்சா வெள்ளையா புகை கிளம்பி பெட்டி முழுக்க, லேபிள் முழுக்க உப்பா படியும், வேற பெரிய ஆபத்தும் அதுல இருக்கு, கீழ தனியா சொல்றேன். ப்ளீச்ச ஆசிட் கூடவும் அம்மோனியா கூடவும் வெக்கக்கூடாது, ஆசிட் பட்டா குளோரின், அம்மோனியா பட்டா குளோரமின், ரெண்டும் நுரையீரலுக்கு எமன். கரைசல்ல இருந்து தங்கத்த தூளா வீழ்த்த, அதாவது அடில படிய வெக்க, வெச்சிருக்கிற சோடியம் மெட்டாபைசல்ஃபைட்டும் ஆசிட் பட்டா சல்ஃபர் டையாக்சைட விடும், அது காஞ்ச இடத்துல தனியா இருக்கட்டும். சுருக்கமா நாலு பிளாஸ்டிக் ட்ரே: நைட்ரிக் உள்ளதெல்லாம் ஒண்ணு, ஹைட்ரோகுளோரிக்கும் ஸ்டானஸும் ஒண்ணு, அம்மோனியா வேற இடத்துல, டிஎம்ஜி நெருப்பு படாத வேற இடத்துல. ஒவ்வொரு ட்ரேயும் உள்ள இருக்கிற பாட்டில் முழுசா உடைஞ்சாலும் தாங்குற ஆழம் இருக்கணும்.

உரைகல் ஆசிட் வாங்கி ஒரு வருஷம் ஆச்சு, 18 கேரட் ஆசிட் போட்டா எல்லாமே பாஸ் ஆகுது. எல்லாமே தங்கமா?

ஆசிட் பலம் போயிடுச்சு. இந்த ஆசிட்டெல்லாம் நைட்ரிக்க அடிப்படையா வெச்சது, கொஞ்சம் ஹைட்ரோகுளோரிக்கும் சேந்திருக்கும், 24 கேரட்னு விக்கிறது கிட்டத்தட்ட ராஜதிராவகமே. இந்தக் கலவை பாட்டில்ல சும்மா இருக்கும்போதே தனக்குள்ள வேலை செஞ்சு குளோரினும் நைட்ரோசில் குளோரைடும் விட்டுக்கிட்டே இருக்கும், ஒவ்வொரு தடவ திறக்கும்போதும் பலம் இறங்கும். பலம் இறங்கின ஆசிட் உரைகல்ல தேச்ச கம்மி கேரட் கோட்ட கூட அழிக்காது, அதனால எல்லாம் பாஸ் ஆன மாதிரி தெரியும்.

ஸ்டானஸுக்கு சொன்ன அதே முறைதான் இதுக்கும். கேரட் தெரிஞ்ச டெஸ்ட் ஊசிகள் வெச்சுக்கோங்க, உங்க பொருள் கோட்டுக்கு பக்கத்துலயே தெரிஞ்ச கேரட் கோடும் போட்டு ரெண்டு மேலயும் ஆசிட் விடுங்க. 14 கேரட் கோடு 18 கேரட் ஆசிட்ல நின்னுச்சுன்னா ஆசிட் பாட்டில கழிச்சுடுங்க.

ராஜதிராவகம் கொஞ்சம் மிச்சம் ஆச்சு, இறுக்கி மூடி வெச்சா அடுத்த தடவைக்கு ஆகும்ல?

கூடவே கூடாது. போன பதில்ல சொன்ன வாயு இங்க பல மடங்கு வரும், இறுக்கி மூடின கண்ணாடி பாட்டில் பிரஷர் தாங்காம உடையும். தேவைப்படுற அளவு மட்டும் அப்பப்ப கலக்கணும், அந்த வேலை முடியிற வரைக்கும் திறந்த பாத்திரத்துல மேல ஒரு வாட்ச் கிளாஸ், அதாவது குழிவான கண்ணாடித் தட்டு, வெச்சா போதும். மிச்சத்த ஸ்டாக் பாட்ல சேருங்க, அது என்னன்னு கீழ வருது.

டிஎம்ஜி எவ்ளோ நாள் தாங்கும்? மஞ்சள் வந்தா பல்லேடியம்னு நம்பலாமா?

1 கிராம் டிஎம்ஜி பவுடர 100 மி.லி. ஆல்கஹால்ல கரைச்சா 1% கரைசல், மூடி நல்லா இருந்தா ரொம்ப நாள் தாங்கும், கெடுறத விட ஆல்கஹால் ஆவியாகி கிரிஸ்டல் அடில நிக்கிறதுதான் நடக்கும். அப்ப கொஞ்சம் ஆல்கஹால் விட்டா சரி. டிஎம்ஜியோட சோடியம் உப்பு கிடைச்சா அது தண்ணிலயே கரையும், நெருப்பு பயம் கிடையாது, நான் அதத்தான் சிபாரிசு பண்ணுவேன்.

ஆசிட் கரைசல்லயே பளிச்சுனு மஞ்சள் நிறத்துல பஞ்சு பஞ்சா மிதந்தா பல்லேடியம். நிக்கலுக்கும் இதே டிஎம்ஜிதான், ஆனா நிக்கல் ஆசிட்ல காட்டாது, அம்மோனியா விட்டு காரமாக்கினாத்தான் ரோஸ் சிவப்பா வரும். நைட்ரிக் ரொம்ப அதிகமா இருந்தா டிஎம்ஜியவே சிதைச்சிடும், அதனால தண்ணி கலந்து பலத்த குறைச்சுட்டு பாருங்க.

அன்னபேதிய கரைச்சு பாட்டில்ல வெக்கணுமா?

வேணாம், கிரிஸ்டலாவே வெச்சுக்கோங்க. கரைச்சா சில நாள்லயே ஆக்சிஜன் பட்டு பழுப்பாகி ஃபெர்ரிக் ஆயிடும், அது தங்கத்த ஒண்ணும் பண்ணாது. காத்து புகாத டப்பால பச்சை நிறமா இருக்கிற வரைக்கும் நல்லது, மேல பழுப்பா பூத்திருந்தா உடைச்சு உள்ள பச்சையா இருக்கிறத எடுங்க. ஸ்பாட் பிளேட்ல கரைசல் ஒரு சொட்டு, அதுல ஒரு கிரிஸ்டல். கிரிஸ்டல சுத்தி பழுப்பு தூளா படிஞ்சா தங்கம். பிளாட்டினமும் பல்லேடியமும் இதுல வீழாது, அதனாலதான் ஸ்டானஸ் குழப்பும்போது இது கை குடுக்குது.

வெள்ளிக்கு சிவப்பா மாறுற ஆசிட் விக்கிறாங்களே, அது வாங்கலாமா?

அது பொட்டாசியம் டைக்ரோமேட்டும் நைட்ரிக்கும் கலந்தது, வெள்ளி மேல பட்டா ரத்தச் சிவப்பு வரும். வேலை செய்யும், ஆனா அதுல இருக்கிறது ஆறு இணைதிறன் குரோமியம், புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியா தெரிஞ்ச பொருள். கழிக்கிறதும் கஷ்டம். ஹாபியா பண்றவங்க அத வாங்கவே வேணாம்ங்கிறது என் கருத்து.

நைட்ரிக்ல கரைச்ச ஒரு சொட்டுல உப்புத்தண்ணி விடுங்க, வெள்ளையா திரிஞ்சு வந்து வெளிச்சத்துல சாம்பல் ஊதாவா மாறினா வெள்ளி. ஈயமும் வெள்ளையா வரும், ஆனா அது கொதிக்கிற தண்ணில கரைஞ்சிடும், வெள்ளி கரையாது.

அண்ணா அம்மோனியா விட்டு டெஸ்ட் பண்ணி காய வெச்சா வெடிக்கும்னு ஒருத்தர் பயமுறுத்துறார், நிஜமா?

நிஜம், இந்தப் பக்கத்துலயே முக்கியமான பதில் இதுதான். அம்மோனியாவும் தங்கக் கரைசலும் சேந்தா வர்ற படிவு காஞ்சதும் உரசினாலே வெடிக்கும், பல நூறு வருஷமா வெடிதங்கம்னு தெரிஞ்ச விஷயம். அம்மோனியால கரைஞ்ச வெள்ளியும் அப்படியே, நாள்பட வெச்சாலோ காய விட்டாலோ கறுப்பா ஒரு பொருள் படியும், ஈரமா இருக்கும்போது கூட தொட்டா வெடிக்கலாம். பாட்டில் மூடிய திருகுற உரசலே அதுக்கு போதும்.

அம்மோனியாவ எங்க விடுவாங்கன்னா காப்பர் இருக்கான்னு பாக்க, நீலம் வரும், அப்புறம் நிக்கலுக்கு டிஎம்ஜி கூட, அப்புறம் வெள்ளி குளோரைடு கரையுதான்னு பாக்க. மூணையும் ஸ்பாட் பிளேட்ல ஒரே ஒரு சொட்டுல மட்டும் பண்ணுங்க, கலர பாத்த உடனேயே, அதாவது வேற எந்த வேலைக்கும் நகர்றதுக்கு முன்னாடி, ஹைட்ரோகுளோரிக் ஆசிட் விட்டு புளிப்பாக்கிடுங்க. தங்கம் இருக்குன்னு ஸ்டானஸ் காட்டின கரைசல்ல அம்மோனியா டெஸ்டே வேணாம். அம்மோனியா கலந்த எதையும் பாட்டில்ல சேத்து வெக்கக்கூடாது, ஸ்டாக் பாட்ல ஊத்தக்கூடாது, காயவும் விடக்கூடாது.

ஸ்டானஸ் விட்டதும் கறுப்பா வந்துச்சு, ரெண்டு செகண்ட்ல மறைஞ்சு போச்சு. என்ன நடக்குது?

தங்கம் இருக்கு, நைட்ரிக்கும் மிச்சம் இருக்கு. ஸ்டானஸ் தங்கத்த துகளாக்குது, நைட்ரிக் அத திரும்ப கரைக்குது. ப்ளீச் முறைல கரைச்சவங்களுக்கு குளோரின் மிச்சம் இருந்தாலும் இதேதான். ஸ்பாட் பிளேட்ல இன்னும் நாலஞ்சு சொட்டு ஸ்டானஸ் சேத்து விடுங்க, நைட்ரிக்க ஸ்டானஸே தின்னு தீத்துடும், அப்புறம் கலர் நிக்கும். குளோரின்னா கரைசல லேசா சூடு பண்ணினா கிளம்பிடும்.

சில பேருக்கு அந்த ரெண்டு செகண்ட் கலரும் கண்ணுல படாது, "நெகட்டிவ்"னு எழுதிடுவாங்க. அதனால கண்ண எடுக்காம பாக்கணும், வெள்ளைப் பின்னணில பாக்கணும்.

கலரே வரல. இப்பவாச்சும் ஊத்திடலாமா?

வரிசையா மூணு விஷயம் பாருங்க. ஸ்டானஸ் உயிரோட இருக்கான்னு 10 பிபிஎம் கரைசல்ல பாத்தாச்சா. போன பதில்ல சொன்ன மாதிரி கூடுதல் ஸ்டானஸ் விட்டும் பாத்தாச்சா. இரும்பு ரொம்ப ஜாஸ்தியா இருக்கிற மஞ்சள் கரைசலா இருந்தா அந்த ஃபெர்ரிக் இரும்பும் ஸ்டானஸ தின்னுடும், அதுக்கும் கூடுதல் சொட்டு விட்டாச்சா. மூணுக்கும் ஆமான்னா தங்கம் இல்லன்னு எடுத்துக்கலாம், அப்பவும் கீழ ஊத்தாதீங்க, ஸ்டாக் பாட்டுக்கு போகட்டும்.

க்ளவுஸ் போட்டா போதும்ல? கைல பட்டா சோடா போட்டு தேய்க்கலாமா?

மெல்லிசான நைட்ரில் க்ளவுஸ் ஒரு சொட்டு தெறிச்சா கழட்டி எறியிறதுக்கு நேரம் குடுக்கும், அவ்ளோதான். அடர் நைட்ரிக் அத சீக்கிரமே ஓட்டையாக்கிடும். ஆசிட் ஊத்துற வேலைக்கு தடிமனான நியோப்ரீன் இல்லன்னா பியூட்டைல் க்ளவுஸ். கண்ணுக்கு பக்கவாட்டும் மூடின காகிள்ஸ், சாதா மூக்குக்கண்ணாடி கணக்குல வராது. தூசி மாஸ்க் வாயுவ தடுக்கவே தடுக்காது, அதனால நைட்ரிக்ல இருந்து பழுப்பு புகை வர்ற எந்த வேலையும் திறந்த வெளிலயோ ஃப்யூம் ஹூட்லயோதான் (புகைய உறிஞ்சி வெளிய தள்ளுற கூண்டு).

தோல்ல பட்டா ஓடுற தண்ணில 15ல இருந்து 20 நிமிஷம் கழுவணும், சோடா போட்டு தேய்க்காதீங்க, அந்த சூடும் உரசலும் காயத்த பெருசாக்கும். கண்ணுல பட்டா இமைய விரிச்சு பிடிச்சு அதே நேரம் கழுவிட்டு நேரா டாக்டர். நைட்ரிக் பட்ட இடம் மஞ்சளாகும், தங்கக் கரைசல் பட்டா ஊதாவாகும், தோல் தானா உரியிற வரைக்கும் போகாது. பழுப்பு புகைய இழுத்துட்டா அப்போதைக்கு லேசா இருமல் மட்டும் இருக்கும், பல மணி நேரம் கழிச்சு நுரையீரல்ல நீர் கோத்து மூச்சு திணறும். அதனால "இப்ப நல்லாத்தானே இருக்கேன்"னு தூங்கப் போகாதீங்க, ஆஸ்பத்திரில சொல்லி கண்காணிப்புல இருங்க.

பாட்டில் கவுந்து கொட்டிடுச்சு, துணி போட்டு துடைச்சா போதுமா?

நைட்ரிக்க துணி, பேப்பர், மரத்தூள் எதாலயும் துடைக்காதீங்க, தீப்பிடிக்கும். ஆப்பசோடாவ ஓரத்துல இருந்து உள்ள நோக்கி தூவிட்டே வாங்க, நுரை அடங்கினதும் இன்னும் கொஞ்சம் தூவி நுரை வரலன்னு உறுதி பண்ணிட்டு பிளாஸ்டிக் முறத்தால அள்ளுங்க. மணலும் ஆகும். அதுல தங்கக் கரைசல் இருந்திருந்தா அள்ளினத எறியாம தனியா வெச்சுக்கோங்க. இதுக்காகவே ரெண்டு கிலோ சோடா ட்ரே பக்கத்துலயே எப்பவும் இருக்கணும்.

ஸ்டாக் பாட் ஸ்டாக் பாட்னு சொல்றீங்களே, அது என்ன? அதுல டெஸ்ட் மிச்சம் எல்லாம் போடலாமா?

ஒரு பிளாஸ்டிக் வாளி, உள்ள ஒரு காப்பர் கம்பி. கழிவுக் கரைசல்ல மீந்திருக்கிற தங்கம், வெள்ளி, பிளாட்டினம், பல்லேடியம் எல்லாம் காப்பர் மேல கறுப்புத் தூளா படியும். ஸ்பாட் பிளேட் கழுவின தண்ணி, பழைய ஸ்டானஸ், கெட்டுப்போன உரைகல் ஆசிட் எல்லாம் இதுல சேரலாம். அம்மோனியா கலந்ததும் டைக்ரோமேட் ஆசிட்டும் சேரக்கூடாது. வாளி வெளிலதான் இருக்கணும், மூடி தளர்வா இருக்கணும், நைட்ரிக் விழுந்தா காப்பர் கரைஞ்சு பழுப்பு புகை வரும்.

காப்பர் வேலை முடிஞ்சு ஸ்டானஸ் ஒண்ணும் காட்டலன்னா தெளிஞ்ச கரைசல இன்னொரு வாளிக்கு மாத்தி இரும்புத் துண்டு போடுங்க, கரைஞ்ச காப்பர் இரும்பு மேல படியும். அதுக்கப்புறம் காஸ்டிக் சோடா கரைசல மெதுவா விட்டு பிஎச் 9 கிட்ட கொண்டு வந்தா இரும்பு, நிக்கல், துத்தநாகம் எல்லாம் சேறா அடில நிக்கும். அந்தச் சேற காய வெச்சு அபாயக் கழிவு எடுக்கிற இடத்துல குடுக்கணும். மேல தெளிஞ்ச தண்ணிய என்ன பண்ணலாம்ங்கிறது உங்க ஊர் கழிவுநீர் விதிய பொறுத்தது, கேட்டுட்டு பண்ணுங்க. தோட்டத்து மண்ணுல ஊத்தாதீங்க, காப்பரும் நிக்கலும் அங்கேயே தங்கிடும்.

டெஸ்ட் பண்ண பேப்பரும் பட்ஸும் குவிஞ்சு கிடக்கு, அதுலயும் தங்கம் இருக்குமா?

கொஞ்சம் இருக்கும், சேத்து வெக்கிறது நல்லதுதான். ஆனா நைட்ரிக் ஊறின பேப்பர் காஞ்சா தானா தீப்பிடிக்கிற அளவுக்கு போகலாம், அதனால தண்ணில அலசி அந்தத் தண்ணிய ஸ்டாக் பாட்ல ஊத்திட்டு, பேப்பர காய வெச்சு மூடி இல்லாத டப்பால போடுங்க. அம்மோனியா தொட்ட பேப்பர் இதுல சேரவே கூடாது.

லேபிள்ல என்ன எழுதணும்? மார்க்கர்ல எழுதினா ஒரே மாசத்துல அழிஞ்சிடுது

ஆசிட் ஆவி மை எல்லாத்தையும் தின்னும். பென்சில்ல எழுதி மேல ட்ரான்ஸ்பரன்ட் டேப் சுத்திடுங்க, நிக்கும். என்ன கரைசல், எவ்ளோ சதவீதம், கலந்த தேதி, எதோட சேரக்கூடாது, இந்த நாலும் இருக்கணும். ஸ்டானஸ் பாட்டில்ல கடைசியா 10 பிபிஎம் டெஸ்ட் பாஸ் ஆன தேதியும் எழுதிட்டே வாங்க.

எனக்கு தெரிஞ்சவர் ரிஃபைனிங் விட்டுட்டு அவரோட பாட்டில் எல்லாம் குடுத்தார், பாதிக்கு லேபிளே இல்ல. திறந்து ஸ்டானஸ் விட்டு பாக்கலாமா?

திறக்காதீங்க. முதல்ல அவர்கிட்டயே கேளுங்க, எது எதுன்னு அவருக்கு நினைவு இருக்கலாம். வெளில இருந்தே பாருங்க: மூடி வீங்கியிருக்கா, உள்ள பழுப்பு ஆவி நிக்குதா, மூடி ஓரத்துல கிரிஸ்டல் கட்டியிருக்கா, அடில இல்லன்னா சுவத்துல கறுப்பு படிவோ வெள்ளி மாதிரி கண்ணாடிப் பூச்சோ தெரியுதா. அந்த கறுப்பு படிவும் கண்ணாடிப் பூச்சும் அம்மோனியா கலந்த வெள்ளியா இருக்கலாம், மேல சொன்ன காரணத்தால அந்த பாட்டில ஆட்டக்கூடாது, திருகக்கூடாது, வேற இடத்துக்கு தூக்கிட்டும் போகக்கூடாது. யாரும் கிட்ட போகாம பாத்துட்டு தீயணைப்புத் துறைக்கு தகவல் சொல்லுங்க.

அப்படி எந்த அடையாளமும் இல்லாத, ஆனா என்னன்னே தெரியாத பாட்டில்கள ஒண்ணோட ஒண்ணு கலக்காம, ஒவ்வொண்ணும் தனி ட்ரேல, "தெரியாதது"ன்னு தேதியோட எழுதி, அபாயக் கழிவு எடுக்கிறவங்க வர்ற வரைக்கும் வெளில நிழல்ல வெச்சுடுங்க. அதுல தங்கம் இருக்கலாமேன்னு தோணும். இருந்தாலும் அந்த பாட்டில்கள்ல உங்களுக்கு எந்த வேலையும் வேணாம்.